ஊர் வேலையும் நம்ம வீட்டு வேலைதான்!



நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு தாத்தா இப்படி இருப்பார். விடிகாலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, கழனியில் மடை திருப்பி, பிள்ளைங்க படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஓடி ஓடி உழைச்சிருப்பார். அதுக்கு நடுவில் ஏரி வேலை, கோயில் வேலை, சாவு வீட்டு வேலை எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். சம்பளம் கிடையாது. ஆனா வீட்டில் ஒரு பேச்சு மட்டும் கேட்கும். "சொந்த வேலையைப் பார்க்காம ஊர் வேலை எதுக்கு?" என்று. இந்தக் கேள்வி சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஏரியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரே திரண்டு கலெக்டரிடம் போய் முறையிட்டது என்று பெரியவங்க சொல்வாங்க. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர் மக்களுக்கே எழுதிக் கொடுத்தார். வனத்துறை வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே காவல் இருந்தது. அந்தக் காவலர்கள் யார்? ஏர் ஓட்டியவர்கள், பிள்ளைக்குட்டிக்காரர்கள். நம்ம பாட்டனுக்குப் பாட்டன்கள்! 2022-ல் நம்ம ஏரி ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகத்துக்கே தெரிந்தது. அதுக்குப் பின்னாடி பெயர் தெரியாத எத்தனையோ தாத்தாக்கள் இருக்காங்க.

அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. கடப்ப மரத்தில் கூடு கட்டும் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் போடும் எச்சம் ஏரித் தண்ணியில் கலக்குது. அந்தத் தண்ணி கழனிக்குப் பாயும்போது உரமாகுது. நெல் நல்லா விளையுது. அந்த நெல்தான் வீட்டுக்கு வருது. அப்படின்னா பறவையைக் காத்தது ஊர் வேலையா, வீட்டு வேலையா? இரண்டும் ஒண்ணுதானே!

பக்கத்தில் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கு. அந்தக் கதையிலும் அதே கலெக்டர் பிளேஸ்தான் வருகிறார். அடைமழையில் ஏரி உடையாம ராமர், லட்சுமணர் காத்ததாகச் சொல்வாங்க. சாமியைக் கும்பிடுவோம். அதோட, மழையில் நனைஞ்சு மண் சுமந்து கரை போட்ட ஜனங்களையும் நினைக்கணும். குடிமராமத்து என்று அதுக்குப் பேரே இருக்கு.

கர்நாடகாவில் மண்டியா மாவட்டத்தில் காமேகவுடா என்று ஒருத்தர் இருந்தார். ஆடு மேய்ப்பவர். மலையில் ஆடும் பறவையும் தண்ணி இல்லாம தவிக்குதே என்று தானே குளம் வெட்ட ஆரம்பித்தார். ஆடுகளை விற்றும் அந்த வேலையைச் செய்தார். ஜனங்க பைத்தியம் என்றாங்க. அவர் பத்துக்கும் மேலே குளங்கள் வெட்டிவிட்டு, 2022-ல் இறந்தார். ஆள் போயாச்சு, குளம் இருக்கு.

இன்னொன்றும் சொல்லணும். தாத்தா ஊர் வேலைக்குப் போன அன்னைக்கு மாட்டைக் கறந்தது யார்? நாற்று நட்டது யார்? ஏரிக்கரைக்குக் கூழ் கொண்டு போனது யார்? ஆயாதான்! ஊரில் தாத்தாவைப் "பெரியவர்" என்று சொல்றாங்க. ஆயாவை யாரும் சொல்வதில்லை. சேவை என்றால் அந்த வீட்டுக்கே பாராட்டு கிடைக்கணும். தாத்தாவைக் குறைத்துச் சொல்லவில்லை. பாதிப் பாராட்டு ஆயாவுக்குச் சேரணும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போ என் கவலை இதுதான். தாத்தாக்களுக்கு வயசாகுது. அண்ணன்கள் எல்லாம் மறைமலைநகர், ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போறாங்க. ராத்திரி வேலை முடிஞ்சு தூங்குறவரை ஏரிக்கரைக்கு வா என்று கூப்பிட முடியுமா? அவர் மேலே தப்பில்லை. அதனால் ஒருத்தரே எல்லாத்தையும் சுமக்கும் பழைய முறை இனி நடக்காது. பங்கு போட்டுக்கணும். வீட்டுக்கு ஒருத்தர், மாசத்துக்கு அரை நாள் போதும். அந்த ஒருத்தர் பெண்ணாகவும் இருக்கலாம். "பொம்பளப் பிள்ளைக்கு ஏரிக்கரையில் என்ன வேலை?" என்று கேட்கக் கூடாது.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் சுற்றுலாக்காரர்கள் போட்ட பிளாஸ்டிக் பையைப் பொறுக்கலாம். ஒவ்வொருத்தரும் நம்ம தாத்தா, ஆயாவிடம் ஏரியைப் பற்றிக் கேட்டு ஒரு நோட்டில் எழுதலாம். எந்தப் பறவை எந்த மாசம் வரும், எந்த மதகு எந்தக் கழனிக்கு என்பதெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். அவங்க போயிட்டா அதுவும் போயிடும். சார், டீச்சர் அனுமதி கொடுத்தால் எங்கள் வகுப்பே முதலில் தொடங்கும்.

நாரை வருஷா வருஷம் நம்மளை நம்பித்தான் வருது. தாத்தா இல்லாத வருஷமும் அது வரணும். வந்தால் கரையில் நாம் இருக்கணும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி