பழவேற்காட்டிலிருந்து ஒரு டிக்கெட்

சினிமாவுக்குப் போகும் செலவு என்றதும் மால்களில் விற்கும் பாப்கார்ன் விலையைத்தான் திட்டித் தீர்க்கிறோம். பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று கணக்குப் போட்டால் பாப்கார்ன் வரை போகவே வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2017 அக்டோபரில் அரசு நிர்ணயித்தபடி, வரி நீங்கலாக மல்டிபிளக்ஸில் 150 ரூபாய், மற்ற ஏ.சி. தியேட்டர்களில் 100 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. நூறு ரூபாய்க்கு 7 ரூபாய் மிச்சம். ஐந்து பேர் போனால் 35 ரூபாய். தியேட்டர்காரர் அதை அப்படியே விட்டுக்கொடுத்தாலும், லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வரும் ஆட்டோவுக்கே சரியாகிவிடும். படம் பார்க்கப் போக வேண்டிய பொன்னேரி அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

பணம்கூடப் பிறகுதான்; முதலில் நாள் கிடைக்க வேண்டும். ஏரியில் சுத்து வலை கட்டி இறால் பிடிப்பவர்களுக்குப் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எப்போது வலை கட்டுவது என்பதை ஊரே சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறது. தன் முறையைத் தவறவிட்டவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ரஜினி படமே வெளியானாலும் ஓதம் தன் நேரத்தில்தான் ஏறி இறங்கும். இரண்டாம் ஆட்டம் போகலாம் என்றால் திரும்பி வர பஸ் இருக்காது. காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நேரம் தாராளம், கையில் காசுதான் இருக்காது. நான்கு வாரம் பொறுத்தால் பல படங்கள் செல்போனுக்கே வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விலையை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்பதை ஏரியின் மறுகரை காட்டியது. 2021 ஏப்ரலில் ஆந்திர அரசு, கிராமப் பஞ்சாயத்துகளில் ஏ.சி. இல்லாத தியேட்டரின் கடைசி வகுப்புக்கு 5 ரூபாய் என்று ஆணை போட்டது. டீக்கடையில் ஒரு டீகூட வாங்க முடியாத காசு அது. கட்டுப்படியாகாமல் உரிமையாளர்கள் பலர் தியேட்டரைப் பூட்டினார்கள். 2022 மார்ச்சில் குறைந்தபட்ச விலையை 20 ரூபாயாக்கி ஆணையைத் திருத்த வேண்டியதாயிற்று. அதே கரையில், சூளூர்பேட்டை அருகே, 2019-லேயே சுமார் நூறடி அகலத் திரையோடு ஒரு தியேட்டர் வந்துவிட்டது. பழவேற்காட்டுக்காரர் அங்கே போவதானால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

என் பார்வையில், ஜிஎஸ்டி குறைப்பைவிட 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்த இலவசப் பயணமே இந்த மீனவக் குடும்பங்களின் சினிமாச் செலவை அதிகம் குறைத்திருக்கும். அந்தப் பேருந்து கடைசி ஆட்டம் விடும் நேரத்திலும் ஓட வேண்டும். தியேட்டரையே ஊருக்குக் கொண்டுவரவும் வழி உண்டு. டூரிங் டாக்கீஸுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்துப் பழகிய மாநிலம் இது. நூறு பேர் உட்காரும் சிறு அரங்குக்கு, டிஜிட்டல் புரொஜெக்டரோடு வார இறுதியில் மட்டும் படம் ஓட்ட எளிய உரிமம் தந்தால், அதைப் பழவேற்காட்டிலேயே நடத்தலாம். அரங்கு ஊருக்குள்ளேயே இருந்தால், பாடு இல்லாத நாளில் வலையைக் கரையேற்றிவிட்டு மாலை ஆட்டத்துக்கு நடந்தே போய்விடலாம்.