மூழ்கிய கார், மூடிய வாய்

2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். அவை பிறகு எங்கே போயின? காயலான் கடைக்குப் போனவை போக, மற்றவை சரிசெய்யப்பட்டுக் கைமாறின. வேறொரு மாவட்டத்தில், கார் கன்சல்டிங் வாசலில், பாலிஷ் போட்டு, ‘சிங்கிள் ஓனர்’ அட்டையோடு நிற்கும் கார் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவு என்கிறார்கள். வாங்கலாமா?

வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்து, அதற்கேற்ப விலை பேசி வாங்கினால் அது ஒரு கணக்கு. லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம். தெரியாமல் வாங்கினால் எந்த விலையும் அதிக விலைதான். ஆனால், தெரிந்து வாங்கும் வழியை நம் சட்டமும் பதிவேடும் ஏறக்குறைய அடைத்து வைத்திருக்கின்றன.

எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்?

வெள்ளம் பட்ட கார்கள் எல்லாம் ஒன்றல்ல. கதவுக்குக் கீழே சில மணி நேரம் தண்ணீர் நின்றது என்றால், பிரேக், பேரிங் ஆகியவற்றைச் சரிபார்த்து ஓட்டலாம். தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் கதை வேறு. பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, முன் இருக்கைகளுக்கு நடுவே தரையை ஒட்டித்தான் இருக்கிறது. தரைவிரிப்புக்கு அடியில் ஒயர்கள் ஓடுகின்றன. சாக்கடை கலந்த நீர் இணைப்புகளுக்குள் புகுந்தால் அவை அன்றே கெடுவதில்லை. பச்சை பூத்து மாதக்கணக்கில் அரிபடுகின்றன. வாங்கும் நாளில் எல்லா விளக்கும் எரியும். பிறகு ஒருநாள் பவர் விண்டோ நிற்கும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு அணையாது. விபத்து நேர்ந்தால் ஏர்பேக் விரியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்த வண்டியின் நிலை இன்னும் மோசம். காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். தனியாக ‘என்ஜின் புரொடெக்ட்’ எடுத்திருந்தால் ஒழிய, காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. செலவு முழுவதும் தலையில் விழுந்த உரிமையாளர், பெயருக்குச் சரிசெய்து விற்றுவிடத்தான் பார்ப்பார்.

எல்லோருக்கும் தெரியும்

பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த காப்பீட்டு மதிப்பில் (ஐடிவி) 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கார் ‘டோட்டல் லாஸ்’. நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்து முடிக்கிறது. வண்டி ஏலத்துக்குப் போகிறது. எடுத்தவர் சரிசெய்து விற்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, அழிந்துபோன அல்லது இனி பயன்படவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. சரிசெய்து ஓட்டிவிடலாம் என்ற கார் இந்தப் பிரிவுக்குள் வராமல் தப்பிவிடுகிறது.

ஆக, பழைய உரிமையாளர், சர்வேயர், காப்பீட்டு நிறுவனம், ஏலம் எடுத்தவர், மெக்கானிக் என எல்லோருக்கும் தெரியும். பணம் கொடுப்பவருக்கு மட்டும் தெரியாது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரம் வரும், இன்சூரன்ஸ் முடியும் தேதி வரும். இந்த வரலாறு வராது.

மௌனம் மோசடியா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது 17-ஆவது பிரிவு. ஆனால், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலம் என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

வாங்குபவர் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் இதுதான். “வண்டி வெள்ளத்தில் நின்றதா, டோட்டல் லாஸ் ஆனதா?” என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கேட்டுவிட்டோம் என்று பார்க்காமலும் இருக்க முடியாது. சாதாரணக் கவனத்திலேயே தெரிந்திருக்கும் என்றால், விற்பவரின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது 19-ஆவது பிரிவு. எனவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் கறை பாருங்கள். இருக்கை நகரும் கம்பித் தடத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், பழைய காரில் புத்தம் புதுத் தரைவிரிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒரே உரிமையாளரின் அடுத்தடுத்த பாலிசிகளைக் கேளுங்கள்: 2023-க்குப் பிறகு ‘நோ கிளெய்ம் போனஸ்’ திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தேவை ஒரு வரி

ஆனால், குடிமக்கள் ஒவ்வொருவரும் துப்பறிவாளராக மாறித்தான் கார் வாங்க வேண்டுமா? அமெரிக்காவில் டோட்டல் லாஸ் வண்டிகளின் விவரத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் தேசியத் தரவுத்தளத்துக்குக் கட்டாயம் அளிக்க வேண்டும். வாங்குபவர் அதைப் பார்க்கலாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் பதிவு விதிகள் மாறுவதால் ஓட்டைகள் உண்டு. நமக்கோ ஏறக்குறைய நாடு முழுவதற்கும் ‘வாகன்’ என்ற ஒரே பதிவேடு இருக்கிறது. டோட்டல் லாஸ் ஆன விவரத்தை அதில் ஒரு வரியாகப் பதிந்துவிட்டால் போதும், வேலை எளிது.

இப்படிப் பதிந்தால் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவரின் காருக்கு விலை கிடைக்காதே என்று கேட்கலாம். டோட்டல் லாஸ் ஆன காரின் உரிமையாளர் இழப்பீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டார். விலை குறைந்தால் இடிப்பது ஏலத்தில் எடுத்தவரின் லாபத்தில்தான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவரின் நிலை வேறு. தண்ணீர் பட்ட ஒவ்வொரு காரையும் முத்திரை குத்தினால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் டோட்டல் லாஸ் மட்டும் பதிவானால் போதும். வெள்ளமே காணாத காரை விற்பவருக்கும் இதில் லாபம் உண்டு: டோட்டல் லாஸ் என்ற சந்தேகத்தின் பேரில் அவரிடம் யாரும் விலையைக் குறைத்துக் கேட்க முடியாது.

இழப்பீடு தீர்க்கும் நாளில் காப்பீட்டு நிறுவனமே இந்த ஒரு வரியை வாகன் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதற்கான உத்தரவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் பிறப்பிக்க வேண்டும். அதுவரை, எழுத்தில் பதில் தராதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கார் வாங்காதீர்கள்.