வேசம் இழிவல்ல, பார்வைதான் இழிவு

வேலைக்காரியாக, கூலிக்காரியாக, அடிமையாக நடிப்பது இழிவா? நாடகம் போடுகிற, குறும்படம் எடுக்கிற மாணவத் தோழர்கள் கூடும்போதெல்லாம் இந்தச் சண்டை வருகிறது. ‘நம்ம சனங்கள எப்பவும் அழுக்கோடயும் அழுகையோடயும் காட்டாதீங்க’ என்கிறது ஒரு பக்கம். ‘இருக்கிறதத்தானே காட்டுறோம்’ என்கிறது இன்னொரு பக்கம். இருவருக்கும் பதிலாக ஒரு கறுப்பின நடிகையின் வாழ்க்கையை முன்வைக்கிறேன். சிசிலி டைசன்.

1924இல் பிறந்தவர். கரீபியன் தீவான நெவிசிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்த குடும்பம். நடிக்கப் போகிறேன் என்றதும், மதப்பற்று மிகுந்த தாய் வீட்டை விட்டே வெளியேறச் சொன்னார்.

அவர் போய்ச் சேர்ந்த உலகம் எப்படிப்பட்டது? ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினர் ஹாட்டி மெக்டானியல். படத்தில் எசமானியம்மாவுக்குப் பணிவிடை செய்யும் அடிமை வேசம். 1940இல் நடந்த அந்த விழாவில், படக்குழுவோடு உட்கார அவருக்கு இடமில்லை. சுவரோரம் தனி மேசை. தனிக்குவளையை அறிந்த நமக்குத் தனி மேசையை விளக்க வேண்டியதில்லை.

1963இல் ‘ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு’ தொலைக்காட்சித் தொடரில் டைசன் சுருண்ட சொந்த முடியோடு வந்து நின்றார். முடியை நேராக்கி வெள்ளைக்காரி போல ஆக்கிக்கொண்டால்தான் லட்சணம் என்றிருந்த காலம் அது. தலைமுடியும் அரசியல் பேசியது.

1972. கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவி பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றிய ஆண்டு. அதே ஆண்டில் ‘சவுண்டர்’ படம் வந்தது. லூசியானாவில் வாரத்துக்குப் பயிர் வைக்கும் ஏழைக் குடும்பம். பசிக்காக இறைச்சி திருடிய கணவன் சிறைக்குப் போக, வயலையும் பிள்ளைகளையும் சுமக்கிறாள் ரெபெக்கா. இந்த வேசத்துக்காக டைசனின் பெயர் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அப்போது ஒரு வெள்ளை நிருபர், படத்தில் கறுப்புப் பையன் தகப்பனை ‘டாடி’ என்று கூப்பிட்டது தனக்கு உறுத்தியதாகச் சொன்னாராம். ஏன்? அவர் மகனும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்! கறுப்பனும் ஒரு தகப்பன் என்பதே அந்த ஆளுக்குப் புதுச் செய்தி. என் மக்களை மனுசராகக் காட்டாத வேசம் எனக்கு வேணாம் என்று டைசன் முடிவெடுக்க இதுவும் காரணம்.

துப்பாக்கி, போதை, விபச்சாரம் என்றே கறுப்பர்களைக் காட்டிக் காசு பார்த்த படங்கள் பெருகிய நேரம் அது. மறுத்தார். வேலையில்லாமல் நெடுநாள் காத்துக் கிடந்தார்.

நான் அவரைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தேன், ஏழை வேசத்தையே ஒதுக்கியவர் என்று. அப்படியல்ல. 1974இல் ‘மிஸ் ஜேன் பிட்மேன்’ தொலைக்காட்சிப் படத்தில் அடிமையாகப் பிறந்து 110 வயது வரை வாழ்ந்த கிழவியானார். வெள்ளையருக்கு மட்டும் என்ற குழாயில் அந்தக் கிழவி வாய்வைத்துத் தண்ணீர் குடிக்கிறாள். மகத் சவுதார் குளத்தை நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. 1977இல் ‘ரூட்ஸ்’ தொடரில் குண்டா கின்டேயின் தாய். 1978இல் அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன். 2011இல் ‘தி ஹெல்ப்’ படத்தில் முதிய வீட்டுப் பணிப்பெண். உழைப்பை அவர் ஒருநாளும் இழிவாக நினைக்கவில்லை. உழைக்கிறவளை மனுசியாகப் பார்க்காத கண்ணைத்தான் மறுத்தார்.

கறுப்பினப் பெண் ஒருவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் முதன்முதலில் கிடைத்தது 2002இல்தான். அவர் ஹாலி பெர்ரி. டைசனுக்குக் கிடைத்தது 2018இல், 93 வயதில், கௌரவ ஆஸ்கார். 2021 சனவரியில் 96 வயதில் மறைந்தார்.

எழுதுகிற தோழர்களே, உங்கள் கதையில் கூலிக்காரி வரட்டும். அவளுக்குப் பேர் இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, அவளை ‘அம்மா’ என்று கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடிக்கிறவர் ‘மாட்டேன்’ என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னவரைப் பாராட்டிவிட்டுப் பட்டினி போடுவது இயக்கமாகாது. மறுத்தவரின் அடுப்பு எரிவதும் நம் பொறுப்புத்தான்.