எழுத்துக்கூட்டிப் படித்த கடிதம்



இந்த இதழ் முழுக்கத் தொடர்களைப் பற்றிப் பேசுகிறோம். என் பங்குக்கு நான் எடுத்துக்கொள்வது, 2011 முதல் 2019 வரை 73 பகுதிகள் ஓடிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'.

அரியணைச் சண்டைக் கதை என்றே இதைச் சொல்வார்கள். ஆனால் முதல் காட்சியில் அரசன் யாரும் இல்லை. வடக்கே பனிக்காட்டில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். அதைக் கண்டு தப்பியோடிய காவலன், காவலை விட்டு ஓடிய குற்றத்துக்காகத் தலை வெட்டப்படுகிறான். வெட்டுபவர், கதையிலேயே நேர்மையானவரான நெட் ஸ்டார்க்! கண்ணால் கண்டவன் பேச்சு அங்கேயே எடுபடாமல் போகிறது.

ஏழாவது சீசனின் கடைசிப் பகுதியில், செத்தவர்கள் எழுந்து வருவதற்குச் சான்று காட்ட, எல்லாத் தரப்பும் ஒரே இடத்தில் கூட்டப்படுகின்றன. வடக்கிலிருந்து கொண்டுவந்த பெட்டியிலிருந்து வெளிப்பட்ட பிணம் அரசி செர்ஸியை நோக்கிப் பாய்கிறது. சங்கிலிதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. அவள் வெலவெலத்துப் போகிறாள். படை அனுப்புவதாக வாக்கும் கொடுக்கிறாள். பிறகு தன் சகோதரன் ஜேமியிடம், அத்தனையும் பொய் என்கிறாள். வடக்கே எதிரிகள் மடியட்டும், அதற்குள் கூலிப்படை வந்து சேர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. அரியணைக்கு உரிமை கோரும் டெனேரிஸும், உதவி கேட்டு வந்த வடக்கின் அரசன் ஜான் ஸ்நோவை முதலில் மண்டியிடத்தான் சொன்னாள். தன் டிராகன்களில் ஒன்றைப் பறிகொடுத்த பிறகே அந்தப் பிடிவாதம் தளர்ந்தது.

என் மனத்தில் நிற்பவர், அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸின் ஆலோசகர் டாவோஸ். முன்னாள் கடத்தல்காரர், எழுத்தறியாதவர். ஸ்டானிஸின் மகளான சிறுமி ஷிரீனிடம் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொள்கிறார். குவிந்து கிடக்கும் ஓலைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கையில், வடக்கு எல்லைச் சுவரைக் காப்பவர்கள் உதவி கேட்டு எழுதிய கடிதம் கையில் சிக்குகிறது. அதைத்தான் ஸ்டானிஸிடம் நீட்டுகிறார். ஸ்டானிஸுக்கும் அரியணை வெறி உண்டு. தலைநகரைப் பிடிக்கப்போய்த் தோற்றவன். ஆனாலும் அரசர்கள் அத்தனை பேரிலும் வடக்கே படை திரட்டிப் போனவன் அவன் ஒருவன்தான். பிணம் எதையும் யாரும் அவன் முன் திறந்து காட்டவில்லை. ஆசை அவனை விட்டுப் போய்விடவும் இல்லை. அவனருகில் ஒரு டாவோஸ் இருந்தார்; செர்ஸியின் சபையில் அப்படி ஒருவர் இல்லை.

இவ்வளவு கவனமாகக் கட்டிய கதை, எட்டாவது சீசனின் மூன்றாம் பகுதியில் ஒரே இரவில் அந்தப் பேராபத்தை முடித்துவிட்டு மறுபடி அரியணைக்கே திரும்பிவிட்டதில் எனக்குப் பெரும் வருத்தம். அந்த இரவில் செர்ஸியின் கூலிப்படையில் ஒருவன்கூடச் சாகவில்லை. அவள் கணக்கே சரியென்று ஆகிவிடவில்லையா?

உங்களுக்கு எப்படித் தோன்றியது? மறுக்கத் தோன்றினாலும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்