கடல் பிரித்த சுற்றம்

கனடா நாட்டின் கீழ்க்கரையில் பண்டி வளைகுடா என்றொரு நீர்ப்பரப்பு உண்டு. உலகத்திலேயே ஓதம் மிக உயர ஏறி மிகத் தாழ இறங்குவது அங்கேதான். சில இடங்களில் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு 50 அடியை எட்டும். நாளொன்றுக்கு இருமுறை கடல் புகுந்து மீளும் அந்த உவர்ச் சேற்றில் கோதுமை விளையும் என்று எவரும் எண்ணத் துணியார். ஆயினும், 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்திலிருந்து சென்று அங்கே குடியேறிய உழவர்கள் அதனைச் செய்து காட்டினர். புல்வேர் செறிந்த மண்ணை வெட்டி அடுக்கிக் கரை கட்டினர். கரையின் அடியில் மரத்தாலான மதகு வைத்தனர். கீல் பூட்டிய கதவொன்று அம்மதகினுள் தொங்கும். கடல் இறங்கும்போது, உள்ளே தேங்கிய மழைநீர் அக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது, வரும் அலையே கதவை அறைந்து சாத்திவிடும். இரண்டு மூன்று ஆண்டு மழையில் உப்புக் கரைந்து போக, களர்நிலம் கழனியாயிற்று.

அந்நாட்டிற்கு அக்காடியா என்று பெயர். அங்கு வாழ்ந்தோர் அக்காடியர். இம்மாதம் நாம் வாசகர்கள் முன் வைக்க விரும்புவது அம்மக்களின் கதையை; அவர்களுள்ளும் குறிப்பாக லெப்லாங் என்னும் குடும்பத்தின் கதையை. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் இல்லறம் நடத்தும் நம்போன்றோர் சிந்திப்பதற்குரிய செய்தி ஒன்று அதனுள் இருக்கிறது.

டானியேல் லெப்லாங் என்பவர் 1650ஆம் ஆண்டையொட்டி அக்காடியாவில் குடியேறினார். பிரான்சுவாஸ் கொதே என்ற மாதை மணந்தார். அக்காடிய லெப்லாங்குகள் அனைவரும் இவ்விருவர் வழிவந்தோரே. நூறாண்டிற்குள் அக்குடி ஆலமரமாய்ப் படர்ந்தது. மண்ணுக்கு முன்னரே உரியவர்களான மிக்மாக் என்னும் பழங்குடியினரோடு அக்காடியர் பெரும்பாலும் நட்புறவு பூண்டே வாழ்ந்தனர். கடலிடமிருந்து நிலத்தைப் பெற்றமையால், பிறர் நிலத்தைப் பறிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் நேரவில்லை.

ஆனால், மதகு கட்டிக் கடலைத் தடுத்தவர்களுக்கு அரசர்களின் போரைத் தடுக்க வழியில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்நாட்டைப் பலமுறை மாறி மாறிப் பிடித்தனர். இறுதியில் 1713ஆம் ஆண்டு யூட்ரெக்ட் உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயர் வசமாகி, நோவா ஸ்கோஷியா என்று பெயர் மாறிற்று. புதிய அரசு பழைய குடிகளை நோக்கி, “எம் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்யுங்கள்” என்றது. அக்காடியர் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் வைத்தனர். பிரெஞ்சுக்காரருக்கு எதிராகவோ மிக்மாக் மக்களுக்கு எதிராகவோ தங்களை ஆயுதம் ஏந்தச் சொல்லலாகாது என்பதே அது. 1730ஆம் ஆண்டில் கவர்னர் பிலிப்ஸ் அந்நிபந்தனையை வாய்மொழியாக ஏற்றுக்கொண்டார், ஏட்டில் எழுதவில்லை. அன்றுமுதல் அம்மக்களுக்கு “நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்” என்ற பெயர் வழங்கலாயிற்று. எழுதப்படாத அந்த ஒரு வாக்கை நம்பி, ஒரு தலைமுறை கழனியில் உழைத்தது.

1749இல் ஆங்கிலேயர் ஹாலிபாக்ஸ் நகரை நிறுவினர். நிபந்தனையற்ற சத்தியம் வேண்டும் என்ற வற்புறுத்தல் மிகுந்தது. 1755 ஜூன் மாதம் எல்லையிலிருந்த போசேஜூர் என்ற பிரெஞ்சுக் கோட்டை வீழ்ந்தபோது, அதனுள் அக்காடியர் சில நூற்றுவர் ஆயுதம் தாங்கி நின்றது தெரியவந்தது. தாங்கள் கட்டாயத்தின்பேரில் நின்றதாக அவர்கள் கூறினர். துணைக் கவர்னர் சார்லஸ் லாரன்ஸுக்கு அதுவே போதிய காரணமாயிற்று. சத்தியம் செய்ய மறுத்த ஊர்ப் பிரதிநிதிகள் சிறையிடப்பட்டனர். ஜூலை 28ஆம் நாள் அவருடைய ஆலோசனைச் சபை, அம்மக்கள் அனைவரையும் நாடு கடத்துவதென்று முடிவு செய்தது.

செப்டம்பர் 5ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கிராண்ட்பிரே என்ற ஊரின் மாதாகோயிலில், மன்னரின் கட்டளையைக் கேட்க ஆண்களும் பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களும் கூடவேண்டும் என்று சேனைத் தலைவர் ஜான் வின்ஸ்லோ அறிவித்திருந்தார். 418 பேர் வந்தனர். கதவுகள் அடைக்கப்பட்டன. நிலமும் வீடும் கால்நடையும் மன்னருக்குச் சொந்தமாயின. கையிலுள்ள பணத்தையும் சுமக்கக்கூடிய வீட்டுப் பொருள்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை படிக்கப்பட்டது. இக்கடமை தம் இயல்புக்கு ஒவ்வாதது என்று வின்ஸ்லோ அம்மக்களிடமே கூறினார். கூறிவிட்டு, அதனைச் செவ்வனே செய்தும் முடித்தார். ஐந்து நாள் கழித்து இளைஞர்களைப் பிரித்துக் கப்பலேற்றினர். தந்தையரின்றிச் செல்லோம் என்று மறுத்தவர்கள் துப்பாக்கி முனையில் நடத்திச் செல்லப்பட்டனர். வழியெங்கும் பெண்கள் மண்டியிட்டு அழுதனர்.

அக்கூட்டத்தோடு நாடு கடத்தப்பட்டவர்களுள் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரெனே லெப்லாங். ஊருக்குப் பத்திரம் எழுதிச் சான்றுரைக்கும் நோட்டரி உத்தியோகம் பார்த்தவர். ஆங்கில அரசாங்கத்திற்கு உண்மையாக ஊழியம் செய்தவர். அவ்வூழியத்தின் காரணமாகவே மிக்மாக் வீரர்களிடம் சிக்கிப் பிரெஞ்சுக் கோட்டையில் நான்காண்டு சிறைப்பட்டிருந்து மீண்டவர். விசுவாசத்திற்கு இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்? ஆயினும் அவருக்கும் கப்பலே காத்திருந்தது.

ஒரு குடும்பத்தார் ஒரே கப்பலில் செல்லலாம் என்று வின்ஸ்லோ வாக்களித்திருந்தார். ஆனால், குடும்பம் என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் வேறு; அக்காடியர் கொண்ட பொருள் வேறு. சேனைத் தலைவரின் கணக்கில் குடும்பமாவது கணவன், மனைவி, சிறு பிள்ளைகள். அக்காடியருக்கோ மணமான மகனும் மகளும் பேரனும் பேத்தியும் அடுத்த வீட்டுத் தமையனும் எல்லாம் சேர்ந்ததே குடும்பம். நாம் ‘சுற்றம்’ என்று சொல்கிறோமே, அதுதான். மேலும், அம்மக்கள் மீண்டும் ஒன்றுகூட இயலாதவாறு பல குடியேற்ற நாடுகளில் பிரித்து இறக்குவதே லாரன்ஸின் திட்டம். பென்சில்வேனியாவில் தங்கிய அக்காடியர் பின்னர் மன்னருக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்று, ரெனே லெப்லாங்கின் கதியை எடுத்துரைக்கிறது. அவருக்கு 20 பிள்ளைகள். சுமார் 150 பேரப்பிள்ளைகள். அவர்கள் வெவ்வேறு நாடுகளில் சிதறினர். மனைவியும் இளைய பிள்ளைகள் இருவரும் மட்டுமே உடன்வர, நோய்வாய்ப்பட்ட அம்முதியவர் நியூயார்க்கில் இறக்கிவிடப்பட்டார். அங்கிருந்து பிலடெல்பியா சென்று, மேலும் மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். அவ்வூரிலேயே உயிர் நீத்தார். இருபதின்மருள் ஐவர் முகத்தையே அவர் மீண்டும் காண நேர்ந்தது.

1755க்கு முன்பு அக்காடியர் சுமார் 14,000 பேர் இருந்தனர் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். 1763 வரையில் அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். ஊர்கள் தீக்கிரையாயின. மாசச்சூசெட்ஸில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேலைக்கு விட்டனர். வர்ஜீனியா அவர்களை ஏற்க மறுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டது. அங்கே துறைமுகக் கிடங்குகளில் ஏழாண்டு அடைபட்டு, பலர் அம்மை நோய்க்கு இரையாயினர். 1758 டிசம்பரில் ‘டியூக் வில்லியம்’, ‘வயலட்’ என்ற இரு கப்பல்கள் நூற்றுக்கணக்கான அக்காடியரோடு அட்லாண்டிக் கடலில் மூழ்கின. இருளிலும் ஓர் ஒளி உண்டு: பிலடெல்பியாவில் அந்தோணி பெனசெட் என்ற குவேக்கர் பெரியார், கப்பலில் நோயுற்றுக் கிடந்தோரைத் தேடிச் சென்று உணவும் உடையும் உறைவிடமும் கிடைக்கப் பாடுபட்டார்.

விசுவாசம் காட்டிய லெப்லாங்குக்கு அக்கதி என்றால், எதிர்த்து நின்றவருக்கு நேர்ந்தது என்ன? ஜோசப் புரூசார் என்பவர் பணிய மறுத்து, மிக்மாக் மக்களோடு சேர்ந்து, காட்டிலிருந்து ஆங்கிலேயரோடு பொருதினார். பசி வென்றது, அவர் சரணடைந்து சிறைப்பட்டார். 1764இல் விடுதலை பெற்று, சுமார் 200 பேரை அழைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகள் வழியாக 1765 பிப்ரவரியில் லூயிசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தார். புது நிலத்தில் குடியமர்ந்த அதே ஆண்டில் கொள்ளைநோய் அவரை வாரிக்கொண்டது. உடன்பட்டவருக்கும் நாடில்லை, எதிர்த்தவருக்கும் நாடில்லை. வல்லரசுகள் மோதும்போது நடுவில் நிற்கும் குடும்பத்தை, ‘உன் உள்ளம் எப்படிப்பட்டது?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘உன் நிலம் எங்கே இருக்கிறது?’ என்றே கேட்கிறார்கள்.

இந்தப் போர் ஏதோ எட்டாத தொலைவில் நடந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. அக்காடியரை வேரறுத்த அதே ஆங்கில - பிரெஞ்சுப் பகைதான் அக்காலத்தில் தமிழகத்தையும் போர்க்களமாக்கியது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் நடந்த போரும், 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்து அந்நகரம் இடித்துத் தள்ளப்பட்டதும் அப்பெரும் போரின் பகுதிகளே. அக்காலத்துச் செய்திகளை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரி வீழ்ந்த அதே மாதத்தில் காலமானார். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. அக்காடியருக்கு அவர்கள் கழனி கிடைக்கவில்லை. 1764இல், சத்தியம் செய்து, சிறு சிறு கூட்டமாகத் திரும்பலாம் என்று அனுமதி வந்தபோது, அந்நிலங்களில் நியூ இங்கிலாந்திலிருந்து வந்தோர் குடியேறிவிட்டனர். புதிதாக வந்தோருக்குக் கரை காக்கத் தெரியவில்லை. 1759இல் அடித்த புயலில் கரைகள் உடைந்திருந்தன. அவற்றைச் செப்பனிட யாரைக் கொண்டுவந்தனர் தெரியுமா? சிறையிலிருந்த அக்காடியரை! தம் பாட்டனார் கட்டிய கரையைப் பிறர் நிலத்துக்காகக் கூலிக்கு அடைத்தார்கள் அவர்கள்.

நிலம் போயிற்று, ஊர் போயிற்று, மாதாகோயில் பதிவேடுகள் பலவும் தொலைந்தன. பின் அம்மக்கள் எவ்வாறு பிழைத்தனர்? இங்கேதான் நாம் முதலில் குறிப்பிட்ட செய்தி வருகிறது. இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்கு மீட்கப்பட்டவர்களுள் 78 குடும்பங்கள் 1765இல் பெல் ஈல் என்ற தீவில் குடியமர்த்தப்பட்டன. பதிவேடுகள் இல்லாத குறையை நீக்க, 1767இல் அதிகாரிகள் குடும்பத் தலைவர்களை அழைத்து, அவரவர் வமிசத்தைச் சத்தியப் பிரமாணத்தின்பேரில் கூறச் செய்தனர். அவர்கள் கூறினர். தந்தை, பாட்டன், பூட்டன், முதன்முதல் கப்பலேறி வந்தவர் யார், அவர் யாரை மணந்தார், எவ்வூரில் இறந்தார், உடன்பிறந்தோர் எங்கெங்கே கடத்தப்பட்டனர் என்றெல்லாம் நினைவிலிருந்து உரைத்தனர். அப்பத்திரங்களில் லெப்லாங் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சத்தியத்தின் பொருட்டு நாடிழந்தவர்கள், மற்றொரு சத்தியத்தின் மூலம் தம் குலத்தை மீட்டனர் என்றால் மிகையாகாது. கப்பலில் ஏற்றிப் பிரிக்க முடியாததாய் அவர்களிடம் எஞ்சியது அந்த நினைவு ஒன்றே.

1785இல் பிரான்ஸிலிருந்து 1,600க்குச் சற்றுக் குறைவான அக்காடியர் ஏழு கப்பல்களில் லூயிசியானா சென்று, புரூசாரோடு முன்னர் வந்த உறவினரை அடைந்தனர். ‘அக்காடியன்’ என்ற சொல் திரிந்து ‘கேஜன்’ ஆயிற்று. 1921இல் அம்மாநிலத்து அரசியல் சட்டம் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு மொழிக்கு இடமின்றிச் செய்தபோதும், குடும்பப் பெயர்களும் பாட்டும் சமையலும் நீங்கவில்லை. கனடாவில் தங்கினோரும் திரும்பினோரும் 1881இல் மாநாடு கூட்டி, ஆகஸ்ட் 15ஆம் நாளைத் தங்கள் தேசியத் திருநாளாகக் கொண்டனர். 1994 முதல் உலக அக்காடியர் மாநாடு நடைபெற்று வருகிறது. அதில் குடும்பப் பெயர் வாரியாகச் சுற்றத்தார் ஒன்றுகூடுகின்றனர். 2003இல் அரசியின் பெயரால் வெளிவந்த பிரகடனம், அக்காடியருக்கு இழைக்கப்பட்ட துன்பத்தை ஒப்புக்கொண்டு, ஜூலை 28ஐ அதன் நினைவு நாளாக்கியது. கிராண்ட்பிரே 2012இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. அக்காடியர் வகுத்த கரைகளின் காப்பில் அங்கே இன்றும் பயிர் விளைகிறது.

நம்முடைய இடப்பெயர்ச்சியை அவர்களுடைய துயரத்தோடு ஒப்பிடுவது தகாது. நாம் உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் விரும்பி ரயிலேறி வந்தவர்கள். விரும்பினால் திரும்பவும் செல்லக்கூடியவர்கள். நம்மை எவரும் துரத்தவில்லை. ஆனால், துரத்தப்பட்டவர்கள் கட்டிக் காத்ததை நாம் சோம்பலால் இழந்துவிடுகிறோமோ என்று ஐயுற இடமிருக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாய்வழிப் பாட்டனாரின் தந்தை பெயர் தெரியும்? பெரியப்பா பிள்ளையும் அத்தை மகளும் எவ்வெவ்வூரில் இருக்கிறார்கள் என்று தெரியும்? பதிவேடுகளை இழந்த அவ்வுழவர்கள் நான்கு தலைமுறையை வாயால் உரைத்தனர்; எல்லாம் எழுதிவைக்க வசதியுள்ள நாம் இரண்டு தலைமுறைக்குமேல் தடுமாறுகிறோம்.

வள்ளுவர் சுற்றந்தழாலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு செல்லுமாறு வேண்டுகிறோம். வீட்டிலுள்ள மூத்தவர் அருகில் பிள்ளைகளை உட்காரவைத்து, பெயர்களையும் ஊர்களையும் அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கேட்கும்போது சொல்ல மூத்தவர்கள் இருக்கும் காலம் நெடிதன்று.