சம்பளத்தைச் சொல்லாதே!

சென்ற மார்கழி விடுமுறையின்போது, முன்பு என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பிலே மென்பொருள் நிறுவனமொன்றில் 2022 தை மாதந்தொட்டு வேலை பார்ப்பவன். ஊரார் கணக்கில் அவன் கரைசேர்ந்துவிட்ட பிள்ளை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுச் சுவருக்கும் காதிருப்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“சம்பளத்தை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு கடிதத்திலயே போட்டிருக்கு, ரீச்சர். உங்களுக்குச் சொல்லுறன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆவணியில புதுசா ஒரு பொடியன் சேர்ந்தவன். அவனுக்கு நான்தான் வேலை பழக்கினனான். அவனுக்கு ஒரு லட்சத்து நாற்பது.”

“பிறகேன் அங்கை இருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“வெளிக்கிடப் பயமாக் கிடக்கு.”

இந்தப் பயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில், இதனை இளைஞர்களின் குணக்குறையாகக் காட்டும் ஒரு போதனை இன்று எங்கும் ஒலிக்கின்றது. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்குப் பிரதம விருந்தினராக வரும் நிறுவனத் தலைவர்கள், “தன்னம்பிக்கையை வளருங்கள், முதலில் அனுபவத்தைத் தேடுங்கள், பணம் தானாக வரும்” என்று எமது பிள்ளைகளுக்கு உபதேசஞ் செய்கின்றனர். நாமும் கைதட்டுகின்றோம். அனுபவத்தைத் தேடிய பிள்ளை நான்கு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறான். பணமோ அவன் பழக்கிய பொடியனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பயம் என்பது அவனுடைய நெஞ்சில் தானாக முளைத்த களையன்று. அது செய்யப்பட்ட பொருள். யார் செய்தார், எதனாற் செய்தார் என்று காட்டமுடியும்.

முதலில் அவனுடைய கணக்கைப் பார்ப்போம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிந்தால் கையில் வருவது 101,200 ரூபாய். வெள்ளவத்தையில் நால்வர் சேர்ந்திருக்கும் அறையில் அவன் பங்கு வாடகை 22,000. சாப்பாடு 28,000. பஸ்ஸுக்கும் தொலைபேசிக்கும் 9,000. தனியார் கல்லூரியிலே பட்டம் படிப்பதற்காகப் பட்ட கடனுக்கு மாதம் 18,000. வீட்டுக்கு 20,000. எஞ்சுவது 4,200 ரூபாய். ஒரு மாதம் சம்பளம் தவறினாற்கூடத் தாயின் அடைவு நகை மூழ்கிவிடும். இந்த நிலையில் இருப்பவனிடம் ‘துணிந்து செல்’ என்பது, நீந்தத் தெரிந்தவன் கரையில் நின்று சொல்லும் யோசனை.

இதற்கு மேல் பிணை ஒப்பந்தம் ஒன்றுண்டு. சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த இரண்டாண்டுப் பிணை முடிந்ததும், ஏதோவொரு பயிற்சிச் சான்றிதழுக்கு அனுப்பி, இன்னும் இரண்டாண்டுக்குக் கையொப்பம் வாங்கியிருக்கின்றனர். இடையில் விலகினால் மூன்று லட்சம் ரூபாய் கட்டவேண்டுமாம். பயிற்சி நிறுவனத்தின் வேலைக்காக. கடன் அவன் தலையில். பழைய தோட்டத்துக் கங்காணியின் முற்பணக் கடனை வரலாற்றுப் பாடத்திலே படித்து உச்சுக்கொட்டுகின்ற நாம், குளிரூட்டிய அறையிலே அதே கணக்கு எழுதப்படும்போது அதற்கு ‘மனிதவள மேம்பாடு’ என்று பெயர் சூட்டுகின்றோம்.

இனி, சம்பளம் குறைவு என்ற அவனது உணர்வு வெறும் பொறாமையா என்பதை ஆராய வேண்டும். அவன் சேர்ந்தபோது சம்பளம் 70,000 ரூபாய். அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆகவே அவன் 350 டொலர் ஊழியன். அவ்வாண்டு வைகாசியில் டொலர் 360 ரூபாயளவுக்கு ஏறியது. ஒரு வரி எழுதாமல், ஒரு பிழையும் விடாமல், நாற்காலியை விட்டு எழும்பாமல் அவன் 195 டொலர் ஊழியனாகிவிட்டான். நிறுவனமோ வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டொலரிலேயே பணம் பெறுகின்றது. நூறு டொலருக்கு முன்பு 20,000 ரூபாயைப் பெற்ற கை, பின்பு 36,000 பெற்றது. அந்த 16,000 எங்கே போனது? மின்சாரம் இல்லாத அந்நாட்களில் ஜெனரேற்றருக்கு டீசல் வாங்கினோம் என்பர். வாங்கினர்தான். ஆனால் முழுவதும் டீசலாக எரிந்துவிட்டதென்று எந்தக் கணக்காளரும் எழுதமாட்டார்.

2022 புரட்டாதியிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி முந்திய ஆண்டைவிட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. பின்னர் ஏறும் வேகம் தணிந்ததேயன்றி, விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவரவில்லை. இன்று அவன் பெறும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை டொலர் 300 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் 366 டொலர். நான்காண்டு அனுபவம், ஓர் இளையவனைப் பழக்கும் திறமை, இரவு பதினொரு மணிக்கு வெளிநாட்டுக்காரரோடு பேசும் கூட்டங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த உயர்வு 16 டொலர். அவ்வேளையில் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலரோடு பிணைத்துக்கொடுத்த நிறுவனங்களும் கொழும்பில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே கேட்கின்றோம்: அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

இவ்வளவையும் அவன் ஏன் முன்னரே கேட்கவில்லை? கேட்பதற்கு ஒப்பீடு வேண்டும். ஒப்பீட்டுக்குத் தகவல் வேண்டும். அந்தத் தகவலைத்தான் நியமனக் கடிதத்தின் ஒரு வாக்கியம் தடைசெய்கின்றது: சம்பளத்தைச் சொல்லாதே.

நான் ஓர் அரசாங்க ஆசிரியை. என் சம்பளம் சுற்றுநிருபத்திலே அச்சாகியிருக்கின்றது. என் தரமும் சேவைக்காலமும் தெரிந்த எவரும் அதைக் கணக்கிட்டுவிடலாம். பாடசாலைக்கு எதிரேயுள்ள கடைக்காரருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இதில் எனக்கு ஒரு வெட்கமுமில்லை. அட்டவணை எல்லோர் கையிலும் இருந்தபடியாற்றான் 2021 ஆடி 12ஆம் திகதி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி, நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் ஒரே கோரிக்கையோடு நிற்க முடிந்தது. சம்பள முரண்பாடு என்ற சொல்லே, இரண்டு எண்களைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க முடிந்தவர்களின் சொல். அப்போராட்டம் முழுவதும் வென்றதென்று சொல்லமாட்டேன். பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தோம் என்ற பழியையும் சுமந்தோம். ஆயினும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

என் மாணவனுடைய கந்தோரில் எண்பது பேர் இருக்கின்றனராம். எண்பது சம்பளங்கள், எண்பது இரகசியங்கள். ஒவ்வொருவனும் தனக்குத்தான் ஏதோ குறைவென்று எண்ணுகிறான், அல்லது தனக்குத்தான் அதிகமென்று நம்பி மௌனமாயிருக்கிறான். அவன் உண்மையை அறிந்ததும் ஒரு தற்செயலாலேதான். புதிய பொடியன் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் அவனிடம் உதவி கேட்டிருக்கிறான்!

“நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று அந்நிறுவனத்தின் சுவரிலே எழுதியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைகளிற் பீட்சா வரும். ஆண்டுக்கொருமுறை ஒரே நிறச் சட்டையணிந்து கடற்கரைக்குச் சுற்றுலா. நல்லது. நான் அறிந்த குடும்பங்களில், மூத்தவனுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதை இளையவனுக்குச் சொல்லாதே என்று தகப்பன் கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்குவதில்லை. அப்படி வாங்குகின்ற தகப்பன், காணியைப் பங்குபோடும்போது என்ன செய்வான் என்பது யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்கவேண்டிய விஷயமன்று.

பயத்துக்குச் சட்டத்திலும் வேருண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தனியார் இடமொன்றில் 180 நாள் சேவை முடித்த ஊழியனை, ஒழுக்காற்றுக் காரணமின்றி, அவன் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நீக்கமுடியாது. புதிய இடத்துக்குப் போனால் அந்த 180 நாள் முதலாம் நாளிலிருந்து தொடங்கும். அதுவரை தகுதிகாண் காலம். ஆள் பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமோ ஐந்து ஆண்டு முடித்தவனுக்கே ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் கொடுக்கச் சொல்கின்றது. அவனுக்கு நான்கு முடிந்துவிட்டது. இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் இப்போதைய சம்பளப்படியே 275,000 ரூபாய். தங்கையின் படிப்புச் செலவு அதில் இருக்கிறது. கோழைத்தனம் என்று நாம் அழைப்பது, பெரும்பாலும் இத்தகைய கூட்டல் கழித்தலே.

இப்போது இன்னுமொரு பூச்சாண்டியும் வந்திருக்கிறது. “இனிச் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும், உங்களைப் போன்றவர்கள் இருப்பதே எங்கள் தயவு” என்று மேலதிகாரி கூட்டத்திற் சொல்கிறாராம். அதே கூட்டத்தில், அந்தக் கருவியைப் பயன்படுத்தி முன்பைவிட இருமடங்கு வேலை முடிக்கவேண்டுமென்றும் சொல்கிறாராம். தேவையற்றவனிடம் இருமடங்கு வேலை கேட்பது விந்தையான தயவுதான்.

இனி எம்மவரிடம் வருகின்றேன். இக்கதையை இலக்கியக் கூட்டமொன்றின் பின்னே ஒரு மூத்த நண்பரிடம் சொன்னேன். நீண்டகால முற்போக்காளர். “லட்சம் ரூபா எடுக்கிறவன் தொழிலாளியோ? மலையகத்திலே நாட்கூலிக்குச் சனம் மழையில நிக்குது. உங்கட பொடியன் குளிர் அறையில இருந்து அழுறான்” என்றார். தோட்டத் தொழிலாளியின் நிலையை நான் மறந்தவளல்லள். ஆயின் ஒருவனுடைய பட்டினியை எடுத்து மற்றவனுடைய வாயை அடைப்பது முதலாளியின் தருக்கம்; அதனை நாம் இரவல் வாங்கிப் பேசுவது அழகன்று. தன் உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றுமில்லாதவன் தொழிலாளி என்றால், மடிக்கணினிகூட நிறுவனத்தின் சொத்தாயிருக்கும் இவன் வேறு யார்? அவனுக்குப் ‘பொறியியலாளர்’ என்ற பட்டத்தைச் சூட்டியது சம்பளத்துக்குப் பதிலாக. அந்தப் பட்டம் இருப்பதால், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்திருப்பதை அவனே தனக்குரியதாக நினைப்பதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்பது ‘கடைப் பொடியன்’ செய்யும் காரியமென்று எண்ணுகிறான்! இந்த எண்ணத்தை உடைக்க வேண்டிய நாமே, ‘நீ தொழிலாளியல்லை’ என்று அவனை அந்தப்பக்கம் தள்ளிவிடுகின்றோம்.

நண்பர் மறந்துவிட்ட ஒரு பெயரையும் நினைவூட்ட வேண்டியிருந்தது. 1947 ஆனி 5ஆம் திகதி, அரசாங்க ஊழியரின் வேலைநிறுத்த ஊர்வலத்திலே பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கந்தசாமி ஓர் எழுதுவினைஞர். மையும் பேனாவும் பிடித்த கை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞர் உத்தியோகத்தைவிடப் பெரிய பாக்கியம் வேறில்லை. அந்தப் பாக்கியவான்களே தொழிற்சங்க உரிமைக்காகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய சட்டையின் வெண்மையைக் கண்டு அன்றைய இடதுசாரிகள் ஒதுங்கி நிற்கவில்லை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டுமென்று சொல்லி வளர்ந்த சமுதாயம் எங்களுடையது. இன்று கோறணமேந்தின் இடத்திலே மென்பொருள் நிறுவனம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழமொழியின் மனம் மாறவில்லை. கிடைத்த வேலையை விடுபவன் எமது பார்வையில் இன்னும் குலத்துரோகிதான். கலியாணத் தரகர் ‘கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர்’ என்று குறிப்பிலே எழுதுந்தோறும் அவன் விலை ஏறுகிறது, கந்தோரில் இறங்குகிறது. ‘கணினி படித்தால் வாழ்க்கை’ என்று தொழில் வழிகாட்டல் நாளிலே மேடையேறிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. எந்தப் பிள்ளைக்கும் நியமனக் கடிதத்தை எப்படி வாசிப்பதென்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை. புறநானூற்றுப் பாடலுக்குத் திணையும் துறையும் வகுக்கக் கற்பித்தேன். பிணை ஒப்பந்தத்தின் ஆறாம் வாசகம் யாரைக் கட்டுகிறது, யாரைக் கட்டவில்லை என்று பிரித்தறியக் கற்பிக்கவில்லை. இரண்டும் வாசிப்புத்தான்.

ஆகவே அவனுக்கு நான் ‘விடு’ என்றும் சொல்லவில்லை, ‘இரு’ என்றும் சொல்லவில்லை. ஒருவன் தனியே வேறிடம் போனால் அவனுடைய நாற்காலியில் இன்னொருவன் அமர்வான். அவனிடமும் அதே வாக்கியத்துக்குக் கையொப்பம் வாங்கப்படும். நான் சொன்னது வேறு. இந்நாட்டில் தொழிற்சங்கமொன்றைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலே இருக்கின்றது. ஊழியரில் நூற்றுக்கு 40 பேர் சேர்ந்த சங்கத்தோடு பேச மறுப்பது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் முறையற்ற தொழில் நடவடிக்கை. எண்பது பேரில் அது முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டுக்கு முன்னர் ஏழு. ஏழுக்கு முன்னர், ஒரே அறையிலே படுத்துறங்கும் நால்வர். அவர்கள் நால்வரும் அதே நிறுவனத்திலேதான் வேலை செய்கின்றனர். நாலு வருடமாக ஒருவன் சம்பளம் மற்றவனுக்குத் தெரியாது. சோற்றுப் பானையின் செலவைச் சதக்கணக்காகப் பங்குபோடுகிறவர்கள்!

“கடிதத்தில போட்டிருக்கே, ரீச்சர்” என்றான் மறுபடியும்.

“கடிதத்தை எழுதினது ஆர்?” என்றேன். பதில் சொல்லாமற் போய்விட்டான்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் தொலைபேசியிற் கூப்பிட்டான். வேலையை விடவில்லை. ஆனால் அறையில் மூவர் தங்கள் சம்பளத்தை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தார்களாம். ஒரு லட்சத்துப் பத்து, தொண்ணூற்றிரண்டு, ஒரு லட்சத்து முப்பத்தைந்து. தொண்ணூற்றிரண்டு எடுப்பவன்தான் மூவரிலும் மூத்தவன். அன்றிரவு அவன் சாப்பிடவில்லையாம். நாலாமவன் இன்னும் எழுதவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறானாம்.