தொழிலாளி பெயரால் நிலக்கரி முதலாளிக்கு ஓட்டு!

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சியான லிபரல் கட்சி 2025 நவம்பரில் ஒரு முடிவு செய்தது. 2050-க்குள் நாட்டின் கரிப்புகைக் கணக்கை நிகரப் பூஜ்யமாக்குவது என்ற இலக்கை அது கைகழுவிவிட்டது. கூட்டாளியான நேஷனல் கட்சி சில நாட்கள் முன்னதாகவே கைகழுவியிருந்தது. 2021-இல் இந்த இலக்கை ஏற்றதே இவ்விரு கட்சிகளின் சர்க்கார்தான். இப்போது என்ன வந்தது என்று கேட்டால், ஏழை வீட்டு மின்சாரக் கட்டணத்தை நினைத்து நெஞ்சு பதறுகிறதாம்!

கடல் தாண்டி நடக்கும் சண்டை நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். நிலக்கரி எரிந்து கிளம்பும் கரியமில வாயு எந்த நாட்டு எல்லையையும் பார்த்து நிற்பதில்லை. உலகில் நிலக்கரியை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று. நம் நாட்டு எஃகு உலைகளுக்கு இறக்குமதியாகும் கரியில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் கப்பலேறுகிறது. வெயில் ஒரு டிகிரி கூடினால் குளிர்சாதன அறையில் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை. ஸ்பின்னிங் இலாகாவில் எட்டு மணி நேரம் நிற்பவனும், சித்திரை வெயிலில் களை பறிப்பவளும்தான் அதை உடம்பால் அளக்கிறார்கள். ஆகவே அந்தச் சண்டையில் யார் யாருக்காகப் பேசினார்கள் என்று பார்ப்பது நம் வேலையும்தான்.

கதை 2009-இல் தொடங்குகிறது. தொழிற்கட்சியின் பிரதம மந்திரி கெவின் ரட் ஒரு மசோதா கொண்டுவந்தார். புகை கக்கும் பெரிய கம்பெனிகள், கக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் சர்க்காரிடம் பர்மிட் வாங்க வேண்டும். பர்மிட்டுகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறையும். இதுதான் சாரம். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் டர்ன்புல், கம்பெனிகளுக்கு இன்னும் கூடுதல் சலுகை வாங்கிக்கொண்டு, மசோதாவை ஆதரிக்க உடன்பட்டார். அது கூடப் பொறுக்கவில்லை அவர் கட்சிக்கு. 2009 டிசம்பர் 1-ஆம் தேதி அவரைத் தள்ளிவிட்டு டோனி அபட்டைத் தலைவராக்கினார்கள். அபட்டுக்கு 42, டர்ன்புல்லுக்கு 41. ஒரே ஓட்டு வித்தியாசம்! மறுநாள் செனட் சபையில் மசோதா தோற்றது. ஆதரவு 33, எதிர்ப்பு 41.

அந்த 41-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஐந்து ஓட்டுகள் பசுமைக் கட்சியினுடையவை. நிலக்கரி முதலாளியின் நண்பர்களும், நிலக்கரியே கூடாது என்பவர்களும் அன்று ஒரே பக்கம் கை தூக்கினார்கள். பசுமைக் கட்சியினர் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. உறுதியாகச் சொல்லப்பட்ட குறைப்பு வெறும் 5 சதவீதம். புகை கக்குபவனுக்கே இனாம் பர்மிட்டுகள். இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டால் பிறகு அதை மாற்றுவதும் கஷ்டம் என்றார்கள். எல்லாம் சரி. ஆனால் கணக்கு என்ன? லிபரல் கட்சியிலேயே இரண்டு பெண் செனட்டர்கள் கட்சிக் கட்டளையை மீறி மசோதாவை ஆதரித்திருந்தார்கள். இந்த ஐந்து ஓட்டும் சேர்ந்திருந்தால் 38-க்கு 36 என்று மசோதா தேறியிருக்கும்.

போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டது முழுதும் வராதபோது, வந்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்துக்காக மறுநாள் காலை கேட் முன்னால் கொடி பிடிக்கலாம். வந்ததையும் வேண்டாம் என்று எழுந்து வந்தால், அடுத்த பேச்சுவார்த்தை எப்போது என்பதை முதலாளிதான் தீர்மானிப்பான். பசுமைக் கட்சியினரின் குறைகூறல் நியாயம், ஓட்டு தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

அடுத்து வந்தவர் ஜூலியா கில்லார்ட். கரி வரி போட மாட்டேன் என்று 2010 தேர்தலில் சொன்னவர், பெரும்பான்மை இல்லாத சர்க்காரை நடத்த பசுமைக் கட்சியின் ஆதரவைப் பெற்று, 2011-இல் அதே மாதிரியான சட்டத்தை நிறைவேற்றினார். ஜனங்களிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தால் எதிரிக்குத் தடி எடுத்துக் கொடுத்ததாகும். அபட் அந்தத் தடியால் மூன்று வருஷம் அடித்தார். சட்டத்தின்படி 2012 ஜூலை 1 முதல் டன்னுக்கு 23 டாலர் விலை. கட்ட வேண்டியவை சில நூறு பெரிய நிறுவனங்கள். மின்சாரக் கட்டணம் உயர்ந்தது உண்மைதான். அதை மறைப்பதில் பயனில்லை. அதற்கு ஈடாக, வரியில்லா வருமான வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 ஆக்கப்பட்டது. பென்ஷன் தொகை கூட்டப்பட்டது. இன்னொரு பக்கம், எஃகு, அலுமினியம் போன்ற தொழில்களுக்குத் தேவையான பர்மிட்டில் 94.5 சதவீதம் வரை இனாம்!

இனாம் வாங்கிய அந்தத் தொழில்களின் பெயரால்தான் பெரிய கூச்சல் எழுந்தது. அபட் தலையில் ஹெல்மெட்டும் உடம்பில் பளபளக்கும் மேல்சட்டையுமாக ஆலை ஆலையாகப் போய்ப் போட்டோவுக்கு நின்றார். எஃகு ஆலையை நம்பி வாழும் வயாலா நகரம் இந்த வரியால் வரைபடத்திலிருந்தே அழிந்துபோகும் என்று 2011-இல் சொன்னார். பயந்த தொழிலாளியை நாம் குறை சொல்லமாட்டோம். வேலை போய்விடும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

2013 தேர்தலில் அபட் பிரதம மந்திரியானார். 2014 ஜூலை 17-ஆம் தேதி செனட் 39-க்கு 32 என்று சட்டத்தை ரத்து செய்தது. சரி, வரி ஒழிந்தது. வேலைகள் பிழைத்தனவா?

வயாலா எஃகு ஆலையை நடத்திய கம்பெனி 2016 ஏப்ரலில் கடனில் மூழ்கிக் கைவிரித்தது. வாங்கிய புது முதலாளியிடமிருந்தும் 2025 பிப்ரவரியில் மாகாண சர்க்கார் தலையிட்டு நிர்வாகத்தைப் பறிக்க வேண்டி வந்தது. நகரத்தை நடுங்கவைத்தது கரி வரியா, கடன் வாங்கிச் சூதாடிய நிர்வாகமா? மோட்டார் தொழிலைப் பாருங்கள். 2013 டிசம்பரில், அபட் சர்க்காரின் நிதி மந்திரி ஜோ ஹாக்கி, இருப்பதானால் இரு, போவதானால் சொல் என்ற தோரணையில் ஹோல்டன் கம்பெனிக்கு நாடாளுமன்றத்திலேயே சவால் விட்டார். மறுநாளே, கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. ஃபோர்டு 2016-இலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017-இலும் கார் ஆலைகளை மூடின. அந்தக் கேட்டுகள் முன்னால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்க ஒரு மந்திரியும் வரவில்லை!

ரத்துக்கு வேண்டிய ஓட்டுகளைத் தந்தவர்களில், சுரங்க முதலாளி கிளைவ் பால்மர் நடத்திய கட்சியின் செனட்டர்கள் மூவர் உண்டு. பால்மரின் நிக்கல் ஆலையும் அந்த வரியைக் கட்ட வேண்டிய பட்டியலில் இருந்தது. தம் ஆலைக்கு வரும் வரியைத் தம் கட்சியின் ஓட்டாலேயே நீக்கிக்கொண்டார் என்றால் மிகையில்லை. டவுன்ஸ்வில் அருகிலுள்ள அந்த ஆலை 2016-இல் திவாலாகி ஏறத்தாழ 800 பேர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு உரிய பாக்கியை முதலில் சர்க்கார் நிதியிலிருந்து கொடுக்க நேர்ந்தது.

2017 பிப்ரவரியில் இன்னொரு வேடிக்கை. அப்போது நிதி மந்திரியாக இருந்த ஸ்காட் மாரிசன் ஒரு கரிக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சபையில் எழுந்து, இதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றார். கட்டியைத் தந்தது சுரங்க முதலாளிகள் சங்கம். ஏழு வாரம் கழித்து லாட்ரோப் பள்ளத்தாக்கின் ஹேசல்வுட் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. பழையதாகிவிட்டது, லாபமில்லை என்று பிரெஞ்சு, ஜப்பானிய உடைமைக் கம்பெனிகள் தீர்மானித்தன. கொடுத்த அவகாசம் ஐந்து மாதம். சுமார் 750 பேர், அதில் ஒரு பகுதியினர் காண்டிராக்ட் தொழிலாளிகள். கரிக்கட்டியைத் தூக்கிக் காட்டியவர்கள் இவர்களுக்காக அறிவித்த உதவி போதுமானதாக இல்லை. அந்த வட்டாரத் தொழிற்சங்கங்கள் போராடியபின், மற்ற மின் நிலையங்களில் வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்று ஹேசல்வுட் தொழிலாளிக்கு இடம் தரும் ஏற்பாட்டை மாகாண சர்க்கார் செய்தது. எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சியை மட்டும் திட்டிவிட்டு நாம் பேனாவை மூட முடியாது. தொழிற்கட்சி சர்க்கார் 2009-இலும் 2011-இலும் டன் கணக்கையும் டாலர் கணக்கையும் போட்ட அளவுக்கு, கொதிகலன் அணைந்த மறுநாள் ஃபிட்டர் எங்கே வேலைக்குப் போவான் என்ற கணக்கைப் போடவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் அபட் தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்தார். பதினைந்து வருஷம் கழித்து, 2024-இல்தான் அங்கே இதற்கென ஒரு ஆணையம் சட்டப்படி அமைக்கப்பட்டது. நிலக்கரி, எரிவாயு மின் நிலையம் மூடப்படும்போது, முதலாளியையும் சங்கத்தையும் பக்கத்துத் தொழில்களையும் உட்காரவைத்து மாற்று வேலையும் பயிற்சியும் ஏற்பாடு செய்வது அதன் கடமைகளில் ஒன்று. தாமதமானாலும் இது சங்கங்கள் கேட்டு வாங்கியது.

லாட்ரோப் பள்ளத்தாக்கில் வெட்டுவதும் நெய்வேலியில் வெட்டுவதும் ஒரே பழுப்பு நிலக்கரிதான். 2070-க்குள் நிகரப் பூஜ்யம் என்று நம் நாட்டுப் பிரதமர் 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு கூலி வேலை தேடும் விவசாயிக்கும் அன்று என்ன வேலை, யார் பொறுப்பு என்பதற்கு நம் சட்டப் புத்தகத்தில் இதுவரை ஒரு பிரிவும் இல்லை.